அறியத் துணிக! – இரு இலத்தீன் சொற்களின் வரலாறு

சில சொற்றொடர்கள் தம்மைச் சொன்னவரைவிட நெடுங்காலம் வாழ்கின்றன. அவ்வாறு வாழும் காலமெல்லாம் அவை ஒரே பொருளைத் தாங்கி நிற்பதுமில்லை. ஒரு நூற்றாண்டில் நல்லுரையாக இருந்தது மற்றொரு நூற்றாண்டில் முழக்கமாகிறது. பின்னர் கல்விக்கூடங்களின் முத்திரைகளில் ஏறி அலங்காரமாகிவிடுகிறது. 'ஸாபெரே அவுதே' என்னும் இலத்தீன் முதுமொழி இதற்குத் தக்க சான்று. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல கல்வி நிறுவனங்கள் இதனைத் தம் குறிக்கோளுரையாகக் கொண்டுள்ளன.

'அறியத் துணிக' என்று இதனைத் தமிழில் சொல்லலாம். 'துணிதல்' என்னும் நம் சொல்லுக்கு அஞ்சாது முற்படுதல் என்ற பொருளோடு, ஐயம் நீங்கித் தெளிதல் என்ற பொருளும் உண்டு. முடிந்த முடிவைத் 'துணிபு' என்று நம் முன்னோர் வழங்கினர். 'ஸாபெரே' என்னும் இலத்தீன் வினைக்கும் இத்தகைய ஆழம் உண்டு. அதன் அடிப்பொருள் சுவைத்தல். அதிலிருந்தே பகுத்துணர்தல், அறிவுடையனாதல் என்னும் பொருள்கள் விரிந்தன. அரபி பயின்றோருக்கு இங்கே 'தவ்க்' என்னும் சொல் நினைவுக்கு வராமலிராது. உடல்நலம் என்பதன் வரையறையை மனனம் செய்திருப்பது வேறு, நலமாயிருப்பது வேறு என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்முன்கித் மினள்ளலால்' நூலில் விளக்குவது, சுவைத்தறியும் இவ்வறிவையே. ஆக, பிறர் சுவைத்துச் சொன்னதைக் கேட்டு அமையாமல் தானே சுவைத்தறிய முற்படுக என்பதே இம்முதுமொழியின் உட்கிடை.

இச்சொற்கள் எப்போதும் கற்பவனை நோக்கியே சொல்லப்பட்டு வந்துள்ளன. ஆனால் இவற்றின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், கற்பிப்பவனுக்கும் காப்பாளனுக்கும் இவற்றில் ஒரு கட்டளை மறைந்திருப்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே நம் நோக்கம்.

ஒரு மடலில் பிறந்த சொல்

இதனை முதலில் எழுதியவர் உரோமைக் கவிஞர் ஹொரேஸ் (கி.மு. 65 – கி.மு. 8). இவருடைய தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். பெரும் செல்வம் இல்லாதபோதும் மகனை உரோமை நகருக்கு அழைத்துச் சென்று, உயர்குடிப் பிள்ளைகள் பயிலும் ஆசிரியர்களிடம் சேர்த்து, தாமே உடன் சென்று காத்திருந்த அந்தத் தந்தையைக் கவிஞர் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் ஏதென்ஸில் பயின்ற ஹொரேஸ், கி.மு. 42-இல் பிலிப்பிப் போரில் புரூட்டஸின் தோற்ற படையில் நின்றார். நிலபுலன்களை இழந்து, கருவூலத்தில் எழுத்தராய்ப் பணியாற்றி, மெசீனாஸ் என்னும் புரவலரின் ஆதரவால் நிலைபெற்றார்.

கி.மு. 20-ஐ ஒட்டி வெளிவந்த அவருடைய 'மடல்கள்' முதல் தொகுதியில், இரண்டாம் மடல் லோல்லியஸ் என்னும் இளைஞனுக்கு எழுதப்பட்டது. ஹோமரின் காப்பியங்களை மறுபடியும் படித்ததாகவும், வாழ்வியல் பாடங்களை மெய்யியலாரைவிட அக்கவிஞரே தெளிவாகச் சொல்லியிருப்பதாகவும் தொடங்கும் அம்மடல், பிறகு இளைஞனின் சோம்பலைக் கடிந்துகொள்கிறது. கொலை செய்யக் கள்வர்கள் இரவிலேயே எழுகிறார்கள், உன்னைக் காத்துக்கொள்ள நீ எழமாட்டாயா என்று கேட்கிறது. கண்ணில் தூசு விழுந்தால் உடனே அகற்றுகிறாய், உள்ளத்தை அரிப்பதை மட்டும் ஆண்டுக்கணக்கில் தள்ளிவைக்கிறாயே என்று இடித்துரைக்கிறது. இவ்விடத்திலேதான் 'அறியத் துணிக, தொடங்குக' என்னும் அறிவுரை வருகிறது. தொடங்காதவன் எத்தகையவன் என்பதற்கு, ஆறு முழுதும் வடிந்துபோகட்டும் எனக் கரையில் காத்திருக்கும் நாட்டுப்புறத்தானை உவமையாக்குகிறார் கவிஞர். அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது என்னும் நம் பழமொழியின் கருத்தே அது.

எனவே, தொடக்கத்தில் இம்மொழி அதிகாரத்தை எதிர்க்கும் குரலன்று. நல்வாழ்வை நாளைக்கென ஒத்திவைக்காதே என்னும் அறவுரை. மூத்தவர் ஒருவர் இளையவனைத் தட்டியெழுப்பியதில் அது பிறந்தது என்பதை நினைவில் கொள்வோம்.

மடலிலிருந்து பதக்கத்திற்கு

ஏறத்தாழ 1500 ஆண்டுகள் கழித்து, 1518-இல், ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற மெலாங்தன் தம் தொடக்கவுரையில் இச்சொற்களை மாணவர்களை நோக்கிப் பன்மையில் கூறினார். அப்போது அவருக்கு வயது 21. உரைகளின் உரைகளில் உழலாமல் மூலமொழிகளைக் கற்று மூலநூல்களையே அணுகுங்கள் என்பது அவ்வுரையின் சாரம். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் கஸந்தி (1592–1655) இதனைத் தம் குறிக்கோளுரையாகக் கொண்டார்.

இம்முதுமொழி அச்சத்தோடும் அரசியலோடும் பிணைந்தது 18-ஆம் நூற்றாண்டின் பிரஷ்யாவில். ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப் 1721-இல் சீனர்களின் அறவியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். வேத வெளிப்பாட்டின் துணையின்றியே கன்பூசியஸ் உயர்ந்த அறநெறிகளைக் கண்டடைந்தார் என்பது அவர் கூற்று. அங்கிருந்த இறையியலார் கொதித்தெழுந்தனர். 1723-இல் மன்னர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம், 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் தூக்குக்கயிறு என்று அவருக்கு ஆணை பிறப்பித்தார். வோல்ஃப் மார்பர்க் நகரில் அடைக்கலம் பெற்றார். புதிய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1740-இல் அவரைத் திரும்ப அழைக்கும்வரை 17 ஆண்டுகள் அந்த வெளியேற்றம் நீடித்தது.

இடைப்பட்ட காலத்தில், 1736-இல், வோல்ஃபின் கொள்கைகளைப் பரப்பும் பொருட்டு 'வாய்மை நேசர் சங்கம்' ஒன்று பெர்லினில் தோன்றியது. போதிய காரணமின்றி எதையும் ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை என்பது அதன் விதிகளுள் தலையாயது. அச்சங்கத்திற்கென வார்க்கப்பட்ட பதக்கத்தில் அறிவுத் தெய்வமாக உரோமானியர் கருதிய மினர்வாவின் தலைக்கவசமும், அதில் லைப்னிஸ், வோல்ஃப் ஆகியோரின் முகங்களும், சுற்றிலும் 'ஸாபெரே அவுதே' என்னும் சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அறிவுக்குத் தலைக்கவசம் தேவைப்பட்ட காலம் அது.

ஓர் அடிக்குறிப்புக் கேள்வி

1783-இல் 'பெர்லின் மாத இதழி'ல் திருமணம் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. திருமணங்களை மதகுருவே நடத்திவைக்கவேண்டியது அவசியமா என்று ஒரு கட்டுரை வினவியது. திருமணத்தை ஒப்பந்தமாகவே கருதும் சட்டமரபில் வந்த நமக்கு இக்கேள்வி வியப்பளிப்பதன்று. அன்றைய பிரஷ்யாவில் அது பெரும் சலசலப்பை உண்டாக்கிற்று. ஸோல்னர் என்னும் மதகுரு அவ்வாண்டு டிசம்பர் இதழில் மறுப்பு எழுதினார். 'அறிவொளி' என்னும் பெயரால் மக்களைக் குழப்புகிறார்கள் என்று வருந்திய அவர், அடிக்குறிப்பு ஒன்றில், அறிவொளி என்றால் என்ன, இதற்கு எவரேனும் விடையளித்திருக்கிறார்களா என்று கேட்டுவைத்தார்.

அந்த அடிக்குறிப்பு வரலாறாகிவிட்டது. பெர்லினில் வாழ்ந்த யூத அறிஞர் மோசஸ் மென்டல்ஸோன் 1784 செப்டம்பர் இதழில் விடை எழுதினார். அதைப் பார்க்காமலே, தொலைவிலிருந்த கோனிக்ஸ்பெர்க்கில் – இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட்டில் – இம்மானுவேல் காண்ட் செப்டம்பர் 30 அன்று தம் விடையை எழுதி முடித்தார். டிசம்பர் இதழில் அது வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையின் முதல் பத்தியிலேயே 'ஸாபெரே அவுதே' என்னும் சொற்கள் அறிவொளியின் குறிக்கோளுரையாக நிறுத்தப்பட்டன. உன் சொந்த அறிவைப் பயன்படுத்தும் துணிவு கொள் என அவற்றுக்குக் காண்ட் பொருளுரைத்தார். அன்றுமுதல் இச்சொற்கள் ஹொரேஸுக்கு உரியனவாயிருந்தது போய்க் காண்ட்டுக்கு உரியனவாகிவிட்டன.

நடைவண்டியும் காப்பாளரும்

காண்ட் கையாண்ட அடிப்படைச் சொல் சட்டத்துறைச் சொல்லாகும். உரிய வயதடையாமல் காப்பாளரின் பொறுப்பில் இருப்பவரின் நிலையை அது குறிக்கும். அரபி மொழிபெயர்ப்பாளர்கள் அதனைக் 'குஸூர்' என்று பெயர்த்துள்ளனர். மனிதன் தானே வருவித்துக்கொண்ட இந்த இளவர் நிலையினின்று வெளியேறுவதே அறிவொளி என்பது காண்ட்டின் வரையறை. அறிவுக் குறைவால் அல்ல, துணிவுக் குறைவாலும் சோம்பலாலும் பலர் அந்நிலையிலேயே தங்கிவிடுகின்றனர். எனக்காக எண்ண ஒரு நூல், எனக்காக மனச்சான்றைச் சுமக்க ஒரு குரு, எனக்காக உணவைத் தீர்மானிக்க ஒரு மருத்துவர் இருக்கையில் நான் ஏன் வருந்தவேண்டும் என்பது அவர்களின் நிலை. காப்பாளர்களோ அவர்களை நடைவண்டியை விட்டு இறங்கவிடாமல் வைத்து, தனியே நடந்தால் விழுந்துவிடுவாய் என்று அச்சுறுத்துகின்றனர். சிலமுறை விழுந்தால் நடை பழகிவிடும் என்கிறார் காண்ட்.

இந்த உவமையை இஸ்லாமியச் சட்டவியல் பயின்றவர் படிக்கையில் அவருக்கு 'ஹஜ்ர்' பற்றிய பாடம் உடனே நினைவுக்கு வரும். அநாதைகளின் செல்வத்தைக் காக்கும் வலீயின் கடமையை அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனம் வகுத்துள்ளது. உரிய பருவம் வரை அவர்களைச் சோதித்துவர வேண்டும். அவர்களிடம் 'ருஷ்த்', அதாவது செம்மையான அறிவுமுதிர்ச்சி தென்பட்டால் செல்வத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடவேண்டும். ருஷ்த் தென்படாதவனை என்ன செய்வது என்பதில் சட்ட மேதைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவின்படி முதிர்ச்சி தென்படும்வரை காப்பு நீடிக்கும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, 25 வயதாகிவிட்டால் பிறகு அவனுடைய செல்வத்தைத் தடுத்துவைக்கலாகாது என்றார்கள். ஆயினும் காப்பாளனின் பொறுப்பு ஒரு நாள் முடிவதற்கென்றே ஏற்பட்டது என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. சோதித்தல், அடையாளம் காணல், ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் காப்பாளன்மீது சுமத்தப்பட்டவை.

பொருட்செல்வத்திற்கான இச்சட்டத்தை அறிவுச்செல்வத்தின்மேல் அப்படியே ஏற்றிவிடலாகாது என்பதை நாம் அறிவோம். எனினும் ஒப்புநோக்கில் ஒன்று தெளிவாகிறது. காண்ட் பழியின் பெரும்பகுதியை இளவன்மீது வைத்தார். நம் சட்டமரபோ கடமையைக் காப்பாளன்மீது வைத்தது.

காண்ட்டின் ஊரிலேயே ஒருவர் இதே குறையைக் கண்டுபிடித்தார். அவர் காண்ட்டின் நண்பரான ஹாமன். கட்டுரை வெளிவந்த அதே டிசம்பரில், 18-ஆம் நாளிட்டு, கிராவுஸ் என்பாருக்கு எழுதிய கடிதத்தில், குற்றம் இளவனுடையதன்று, தன்னைக் காப்பாளனாக நியமித்துக்கொண்டவனுடையதே என வாதிட்டார். பெண்குலம் முழுவதுமே தனித்து நடக்க அஞ்சுகிறது என்னும் பொருள்பட காண்ட் எழுதியதையும், மூன்று பெண்மக்களின் தந்தையான ஹாமன் ஏற்கவில்லை. காண்ட் அறிவின் பயன்பாட்டை இரண்டாகப் பிரித்திருந்தார். பதவியிலிருக்கும் அதிகாரியோ குருவோ தம் பணியில் கட்டளைக்குப் பணியவேண்டும். அறிஞராக நின்று வாசக உலகின்முன் எழுதுகையில் முழுச் சுதந்திரம் வேண்டும் என்பது அப்பிரிவினை. வீட்டில் அடிமை உடையணிந்து இருப்பவனுக்கு வெளியே உடுத்தத் திருவிழா ஆடை எதற்கு என்பது ஹாமனின் எதிர்க்கேள்வி.

தீவில் ஒருவன்

'ஸாபெரே அவுதே' குறிக்கோளுரையாக அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1783-இல், பெர்லினில் ஃபிரெடெரிக் நிகொலாய் என்னும் புகழ்மிக்க பதிப்பாளர் ஓர் அரபி நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 'இயற்கை மனிதன்' என்னும் தலைப்பில் ஐக்ஹோர்ன் பெயர்த்த அந்நூல், இப்னு துஃபைலின் 'ஹய் இப்னு யக்ளான்'. அந்தலூஸில் பிறந்து, முவஹ்ஹிதூன் கலீஃபா அபூயஅகூப் யூசுஃபின் மருத்துவராயிருந்து, இளைய அறிஞரான இப்னு ருஷ்தை அவருக்கு அறிமுகப்படுத்தி, 1185-இல் மறைந்தவர் இப்னு துஃபைல். ஆக்ஸ்ஃபோர்டின் முதல் அரபிப் பேராசிரியரான எட்வர்ட் போக்காக்கின் மகன் 1671-இல் அந்நூலை இலத்தீனில் பெயர்த்து, 'தானே கற்ற மெய்யியலாளன்' எனப் பெயரிட்டிருந்தார். 1708-இல் சைமன் ஆக்லி அரபியிலிருந்தே அதனை ஆங்கிலத்தில் தந்தார். காண்ட் இதனைப் படித்தார் என்று நாம் சொல்லவரவில்லை. தன்னறிவால் உண்மையை எய்தும் மனிதன் என்னும் கருத்து அந்நாளைய ஐரோப்பிய வாசகரிடையே உலவியதில் இந்நூலுக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து.

கதை நம்மவர் பலரும் அறிந்ததே. ஆளற்ற தீவில் மான் ஒன்று வளர்த்த குழந்தை ஹய். மான் இறந்தபோது, அதை இயக்கியது எது, அது எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கியவன், படிப்படியாகப் படைத்தவனை அறியும் நிலைவரை உயர்கிறான். ஆசிரியர் இல்லை, நூல் இல்லை, காப்பாளரும் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் வேறொரு தீவிலிருந்து வந்த அப்ஸாலைச் சந்திக்கிறான். இருவரும் அந்தத் தீவுக்குச் சென்று, ஸலாமானின் மக்களுக்குத் தாம் கண்டறிந்ததைப் போதிக்க முயல்கின்றனர். மக்கள் முகஞ்சுளிக்கின்றனர். தன் முயற்சி பலிக்காது என்றுணர்ந்த ஹய், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, நீங்கள் இருந்தவாறே இருங்கள் என்று கூறித் தன் தீவுக்குத் திரும்பிவிடுகிறான்.

இதனைக் காண்ட்டின் கட்டுரையோடு அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். தனிமனிதன் ஒருவன் இளவர் நிலையினின்று தானே மீள்வது அரிது என்கிறார் காண்ட். ஆனால் எழுதவும் பேசவும் சுதந்திரம் அளிக்கப்பட்டால் ஒரு பொதுமக்கள் திரள் மெல்ல மெல்லத் தெளிவுபெறுவது ஏறக்குறைய உறுதி என்கிறார். இப்னு துஃபைலின் கதையோ இதற்கு நேர்மாறு: தனியொருவன் எய்திவிடுகிறான், மக்கள் திரளால் இயலவில்லை. மக்களின் தகுதிக்கேற்பவே போதிக்கவேண்டும் என்னும் முதிர்ந்த ஞானமே கதையின் முடிவு என்று கொள்வோர் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹய்க்கு அறிவு வந்தது தானே தேடியதால். விழுந்து எழுந்து, மானின் நெஞ்சைப் பிளந்து பார்த்து, ஏழேழு ஆண்டுகளாகப் படியேறியதால். ஸலாமானின் மக்களுக்கு அந்தத் தேடலை அவன் கொடுக்கவில்லை. முடிவை மட்டும் கொடுத்தான். சுவைக்கவிடாமல் சுவையைப் பற்றிச் சொன்னான். ஆசிரியர் இன்றியே கற்றவன், ஆசிரியனாக நின்றபோது தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

துணிவுரைத்தவருக்கு வந்த சோதனை

காண்ட் நம்பிய அந்தப் பொதுச் சுதந்திரம் நீடிக்கவில்லை. 1786-இல் இரண்டாம் ஃபிரெடெரிக் மறைந்ததும் காற்று திசைமாறிற்று. 1788-இல் புதிய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் வில்லியமின் அமைச்சர் வோல்னர் மதச் சட்டமும் அதைத் தொடர்ந்து தணிக்கைச் சட்டமும் கொண்டுவந்தார். 'பெர்லின் மாத இதழ்' 1792-இல் அச்சகத்தைப் பிரஷ்யாவுக்கு வெளியே கொண்டுசெல்ல நேர்ந்தது. 1793-இல் காண்ட் மதம் பற்றி வெளியிட்ட நூலுக்காக, 1794 அக்டோபரில் மன்னரின் பெயரால் அவருக்கே கண்டன ஆணை வந்தது. அப்போது அவருக்கு வயது 70.

துணிக என்று உலகுக்குச் சொன்னவர் என்ன செய்தார்? 'மாட்சிமை தங்கிய மன்னரின் விசுவாசமிக்க குடிமகன்' என்ற முறையில், மதம் பற்றி இனி உரைநிகழ்த்துவதோ எழுதுவதோ இல்லை என வாக்களித்தார். தம் கருத்தை மறுதலிப்பது இழிவு. ஆனால் சொல்வதெல்லாம் உண்மையாயிருக்க வேண்டுமே தவிர, உண்மையெல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமென்பதில்லை என்று தமக்கெனக் குறித்துவைத்தார். 1797-இல் மன்னர் இறந்ததும், அவருடைய குடிமகன் என்ற சொல் அவர் வாழ்நாளுக்கே கட்டுப்பட்டது என்று விளக்கமளித்து, 1798-இல் அக்கடிதங்களையும் சேர்த்தே தம் அடுத்த நூலை வெளியிட்டார்.

இதைக் கோழைத்தனம் என்று இகழ்வோரும் உளர், சாதுரியம் என்று போற்றுவோரும் உளர். நாம் இதில் காண்பது வேறு. அறியும் துணிவு தனிமனித நெஞ்சில் மட்டும் குடியிருப்பதில்லை. பேராசிரியர் பதவியும் பெரும்புகழும் உடைய ஒருவராலேயே, கேட்பதற்கு இடம் மூடப்பட்டபோது மௌனமே காக்க முடிந்தது. அவ்வாறிருக்க, வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பதினாறு வயது மாணவனிடம் மட்டும் துணிவை எதிர்பார்ப்பது எங்ஙனம் நீதியாகும்?

நமக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. பல ஆண்டுகளுக்குமுன் மன்திக் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். நூலாசிரியர் தந்த எடுத்துக்காட்டு அவருடைய இலக்கணத்திற்கே பொருந்தவில்லை என்றார் ஒரு மாணவர். அன்று நேரமும் குறைவு, பொறுமையும் குறைவு. 'முதலில் நூலை முடிப்போம்' என்று அமர்த்திவிட்டோம். நூல் முடிந்தது, அம்மாணவர் நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். ஆனால் ஆண்டு முடியும்வரை அவர் மற்றொரு கேள்வி கேட்கவில்லை. பிறகொரு நாள் தனியே அமர்ந்து நோக்கியபோது அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல அப்போது அவர் அங்கே இல்லை.

நம் பழைய ஹாஷியாக்களின் ஓரங்களைப் பார்த்தவர்கள் இரு குறிப்புகளை அடிக்கடி கண்டிருப்பார்கள். ஒன்று, 'ஃபீஹி நளர்' – இதில் ஆய்வுக்கு இடமுண்டு என்பது. பேரறிஞர் ஒருவரின் கூற்றின்மீதே, மரியாதை குன்றாமல், பிற்கால உரையாசிரியர் வைக்கும் ஐயம் அது. மற்றொன்று, விளக்கத்தின் முடிவில் வரும் 'ஃபதஅம்மல்' – ஆகவே நீ சிந்தித்துப் பார் என்பது. தாம் கண்ட விடையைச் சொல்லிவிடக்கூடிய ஆசிரியர், அவ்விடத்தில் நிறுத்திக்கொண்டு மாணவனிடம் ஒப்படைக்கிறார். அந்தச் சொல்லை நாம் பலமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு, அடுத்த வரிக்கு விரைந்து போயிருக்கிறோம். இனி அவ்விடம் வரும்போது நூலைச் சற்று மூடிவைத்துவிட்டு, எதிரே இருப்பவர் பேசும்வரை காத்திருக்கலாம்.